திருநீறு தேய்த்த சக்கரம்

எனக்கு முப்பத்து நான்கு வயது. போன ஆவணியிலிருந்து நான் பணி ஓய்வு பெற்றவள். இதைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். வலது கண்ணில் விழித்திரை கிழிந்து, மதுரையில் அறுவை செய்தார்கள். பார்வை திரும்பிவிட்டது. புத்தகம் படிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். ஆனால் மணிக்கணக்காக உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் குனிந்திருக்கும் வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையால் வந்த கேடா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, சிலருக்கு வருவதுதான் என்றார். பதினான்கு வருடம் அந்தக் கண்ணாடிக்குள்தான் என் உலகம் இருந்தது.

வேலை செய்த இடம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பட்டறை. வெளியே பெயர்ப் பலகை கிடையாது. பழைய சங்கேத எந்திரங்கள், உளவு பார்க்கப் பயன்பட்ட சட்டைப் பொத்தான் கேமராக்கள், சூட்கேசுக்குள் அடங்கும் வயர்லெஸ் பெட்டிகள், குதிகாலில் பொந்து வைத்த பூட்ஸ்கள் ஆகியவற்றைச் சீராக்கித் தருவது எங்கள் தொழில். காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் பல ஊர்களிலிருந்து அனுப்புவார்கள். ஏன் திண்டுக்கல்லில் என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டறையை நடத்திய தனிஸ்லாஸ் சாரின் சொந்த வீடு இங்கே இருந்தது, அவ்வளவுதான்.

பட்டறையில் என் வேலைக்கு இப்போது வந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் ஒவ்வொரு சக்கரப் பல்லையும் முள்ளையும் கணினித் திரையில் காட்டிவிடுகிறது. நானும் வாய் பிளந்து பார்த்தேன்.

"அப்ப நீங்கள்லாம் திறந்துதான் பாத்தீங்களாக்கா?" என்றாள் ஒருத்தி.

"திறந்துதான் பார்த்தோம்."

"தப்பாப் போயிட்டா?"

அவள் விளையாட்டாகக் கேட்டாள். எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகைக் காட்டில் பூ எடுக்கிறவர்கள் என் அம்மாவும் அப்பாவும். இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பேனாவால் எழுதப்பட்ட முதல் பெயர் என்னுடையது, பூங்கொடி. எழுதியதும் நானேதான். அதை இன்றைக்கும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் கருவிப் பொறியியல் டிப்ளமா முடித்து, இருபதாவது வயதில் பட்டறைக்கு நேர்காணலுக்குப் போனேன். என்னோடு நான்கு பையன்கள் வந்திருந்தார்கள். தனிஸ்லாஸ் சார் மேஜைமேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, இது என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவன் டேப் ரிக்கார்டர் என்றான். ஒருவன் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி என்றான்.

நான், "தெரியல சார். திறந்து பாக்கட்டுமா?" என்றேன்.

"திறக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வ?"

"இப்ப எப்படி இருக்குன்னு எழுதிக்குவேன்."

"ஏன்?"

"எங்க வீட்ல எதையாச்சும் ஒடச்சா இன்னொண்ணு கெடையாது சார். திருப்பி அதே மாதிரி வைக்கத் தெரியணும்."

மறுநாளே வரச் சொன்னார். முதல் இரண்டு வருடம் துடைப்பது, திருகுகளைப் பிரித்து அடுக்குவது, படம் வரைவது. அதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பென்சில்கள். பட்டறைக்குள் பேனா கூடாது, மை சிந்தினால் போகாது. காலை வணக்கம் சொன்னால் பதிலுக்கு, "எழுதிட்டியா?" என்பார். ஒவ்வொரு பொருளுக்கும் நோட்டில் இரண்டு பக்கம். முதல் பக்கம் வெளியே எப்படி இருக்கிறது என்பது: கீறல், துரு, மூடியில் உள்ள சிறு ஜன்னல்களில் எந்த எழுத்து தெரிகிறது. இரண்டாம் பக்கம் உள்ளே எப்படி இருக்கிறது என்பது. இரண்டையும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் துணியைக் கையில் எடுக்கலாம். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தன் டீ டம்ளரைத் தானே கழுவப் போவார். தண்ணீர் விழும் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதை வைத்துத் தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

வருகிறவர்கள் எல்லோரும் காட்சியகத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி சுவர்க் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, இதுக்குள்ள பேச்சை ஒட்டுக் கேக்கற மிசின் இருக்குதுங்க. நான் ஊட்ல பேசறதெல்லாம் என்ற பங்காளிக்குத் தெரிஞ்சு போகுதுங்க."

இரண்டு பக்கம் எழுதி, திறந்தோம். உள்ளே பல்லி முட்டை இரண்டு இருந்தது. எங்கள் கடைசல் எந்திரத்தில் வேலை பார்க்கும் முருகேசன் அண்ணன், "வீட்ல சத்தமாப் பேசுவீகளோ?" என்று கேட்டார். வியாபாரி கொஞ்சம் யோசித்து, "ஆமாங்க, கொஞ்சம் சத்தந்தானுங்க," என்றார். பல்லி முட்டைகளையும் சார் நோட்டில் எழுதச் சொன்னார்.

இனி அந்த ஒரு வேலைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. புரட்டாசி மாதம். தாடிக்கொம்பிலிருந்து செல்வராணி டீச்சர் ஒரு பச்சைப் பெட்டியோடு வந்தார். கணக்கு டீச்சர், ஓய்வு பெற இன்னும் ஓரிரு வருடம் இருந்தது. பெட்டி சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. இடப்பக்கம் ஆங்கில எழுத்துகள் பொறித்த, கையால் திருப்பும் ஒரு திருகு, வலப்பக்கம் ஒரு கைப்பிடி. பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. போர்க்காலத்தில் ராணுவங்கள் தோளில் மாட்டிக்கொண்டு போன சங்கேத எந்திரம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. திருகை ஓர் எழுத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் வேறோர் எழுத்து மெல்லிய காகித நாடாவில் அச்சாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே இருக்கும் ஆறு சக்கரங்களும் ஒரு படி நகரும். அதனால் ஒரே எழுத்தை இரண்டு முறை கொடுத்தாலும் வேறு வேறாக வெளிவரும். சக்கரங்களின் விளிம்பில் சிறு சிறு முட்கள், மொத்தம் நூற்று முப்பத்தொன்று. ஒவ்வொரு முள்ளையும் இடது பக்கமோ வலது பக்கமோ தள்ளி வைக்கலாம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் சக்கரங்களையும் முட்களையும் ஒரே மாதிரி வைத்திருந்தால்தான் எழுதியதைப் படிக்க முடியும்.

பெட்டிக்குள் ஒரு நாடாச் சுருள் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் எழுத்துகள், அர்த்தமில்லாத வரிசையில்.

"எங்கப்பா பட்டாளத்துல இந்த வேலை பாத்தவரு சார்," என்றார் டீச்சர். "அவரோட வேலை பாத்த ஒருத்தரு கோலார் பக்கம். கோலார் மாமான்னு சொல்லுவேன். பட்டாளத்த விட்டு வந்த பெறகு ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடையில ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டாங்க. இதுல அடிச்சுத்தான் கடுதாசி போட்டுக்குவாங்க. எங்க வீட்டுக்கு ஊர்ல ஒற்றன் வீடுன்னே பேரு."

"அதைத்தான் தெரிஞ்சுக்கணுமாம்மா?" என்றார் சார்.

"அது எனக்கு ஒண்ணுமில்ல சார். ஊரு எதையாச்சும் சொல்லும்." தன் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். நகம் கோணலாக வளர்ந்திருந்தது. "எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா தோட்டத்துக்குப் போனதும் இதைத் திறந்து சக்கரத்தை உருட்டி வெளையாடுவேன். ரெண்டு மூணு நா வெளையாண்டேன். கடைசி நா வெரலு மாட்டி நகம் பேந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அப்பா இதைச் சாக்குல கட்டிப் பரண்ல போட்டவருதான், பெறகு எறக்கவே இல்ல. கோலார் மாமாகிட்ட இருந்து கடுதாசியும் நின்னு போச்சு. மாமாவும் வரல. அப்பா அதப்பத்திப் பேசவே மாட்டாரு. நானும் கேக்கல. அவரு போயி பதினோரு வருசம் ஆச்சு. போன வாரம் ஓடு மாத்தும்போதுதான் இது கெடச்சுச்சு, உள்ள இந்தச் சுருளோட."

டீச்சர் சுருளைச் சார் பக்கம் நகர்த்தினார்.

"நான் என்னத்தக் கெடுத்தேன்னு எனக்குத் தெரியணும் சார். இதுல அது இருக்கும்."

"ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்மா."

"அப்ப அதைச் சொல்லுங்க."

அன்றைக்கே முதல் பக்கம் எழுதினேன். சக்கரத்துக்கு ஒன்றாக மூடியில் இருந்த ஆறு சிறு ஜன்னல்களிலும் தெரிந்த, சக்கர விளிம்பில் பொறித்த ஆறு எழுத்துகளைக் குறித்தேன். முருகேசன் அண்ணன் கையெழுத்துப் போட்டார். உள்ளே பார்க்கும் இரண்டாம் பக்கத்தை ஆயுத பூஜை முடிந்து எழுதலாம் என்று வைத்தேன். நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

ஆயுத பூஜையன்று சார் திருச்சிக்கு ஒரு பொருளை எடுத்துவரப் போயிருந்தார். அவர் மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான், ஆனால் பொரிகடலை, பூசணிக்காய், சந்தனம் எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். நாங்கள் உளி, ரம்பம், கடைசல் எந்திரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தோம். மேஜையில் பச்சைப் பெட்டி இருந்தது. ஐம்பது வருடப் பரண் அழுக்கு.

நான் மூடியைத் திறந்தேன்.

"ஏ தாயி, அதை ஏன் நோண்டுற?" என்றார் முருகேசன் அண்ணன். "மூடிமேல ஒரு பொட்டு வச்சாப் பத்தாதா?"

"அழுக்கோட சாமி முன்னாடி வைக்கச் சொல்றீகளாண்ணே?"

"படிச்ச பிள்ள சொன்னா சரிதான்," என்று அவர் பூசணிக்காயைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத்தான் தேய்ப்போம், பளபளவென்று வரும். ஓரத்தில் இருந்த ஆகச் சின்ன சக்கரத்தில் பதினேழு முட்கள். அதை முதலில் திருநீறு தொட்ட துணியால் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. ஆனால் நேரம் போய்விட்டது, ஐயர் வரப்போகிறார் என்றார்கள். அதனால் மற்ற ஐந்து சக்கரங்களை எண்ணெய்த் துணியால் லேசாக ஒற்றி எடுத்தேன். முட்கள் சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் ஒழுங்கில்லாமல் இருந்தன. எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளினேன். ஆறு ஜன்னல்களிலும் முதல் எழுத்து வருமாறு சக்கரங்களைத் திருப்பினேன். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் மாதிரி அழகாக இருந்தது. மூடியைச் சாத்தி, சந்தனம் வைத்து, போனில் படமும் எடுத்தேன்.

மறுநாள் காலை இரண்டாம் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். 'முட்களின் நிலை' என்று தலைப்பு எழுதினேன். அதன் கீழே, 'எல்லாம் இடப்பக்கம்' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நான் செய்தது எனக்குத் தெரிந்தது. அந்த டீச்சரின் அப்பா கடைசியாக வைத்துவிட்டுப் போன நிலை அதற்குள் இருந்தது. அது இருந்தால்தான் சுருளைப் படிக்க முடியும். அதை நான் சாமிக்காகத் துடைத்துவிட்டேன். திறப்பதற்கு முன் எழுதிக்கொள்வேன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் நான்.

சார் பத்து மணிக்கு வந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. முருகேசன் அண்ணன் என்னைப் பார்க்காமல் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து ஈரக் கையைத் துடைத்தபடி, "உக்காரு," என்றார். "நேத்துக் காலைல இருந்து என்ன செஞ்சியோ அதை எழுது. தப்பு, சரி, மன்னிப்பு எதுவும் எழுத வேணாம். எந்தத் துணி, எந்த எண்ணெ, எந்தச் சக்கரம் முதல்ல, எந்தச் சக்கரம் அப்புறம். செஞ்சதை மட்டும் எழுது."

மூன்று பக்கம் எழுதினேன். அழுதுகொண்டு எழுதியதால் ஓரிடத்தில் தாள் சுருங்கியிருக்கும், நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார். ஓரிடத்தில் வட்டம் போட்டார்.

"திருநீறு இந்தச் சின்னச் சக்கரத்துக்கு மட்டுந்தானா?"

"ஆமா சார்."

"மத்ததைத் தேய்ச்சியா?"

"இல்ல சார். நேரமில்ல. லேசா ஒத்தி எடுத்தேன்."

அவர் பெரிய சக்கரத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அதை மெல்லத் திருப்பி ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "நீ வந்து பாரு," என்றார்.

ஒரு முள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு ஐம்பது வருடம் இருந்தால், அந்த வலது முனையில் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கும். சக்கரத்துக்குள் புதைந்திருந்த இடது முனை பளிச்சென்று இருக்கும். நான் எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளிவிட்டேன். இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் சில கறுப்பு, சில வெளுப்பு. வெளுப்பாகத் தெரிந்தவை நேற்று வரை வலப்பக்கம் இருந்தவை. கறுப்பாகத் தெரிந்தவை நான் தள்ளுவதற்கு முன்பும் இடப்பக்கமே இருந்தவை.

"நேரமில்லாமப் போச்சே, அதுக்கு நன்றி சொல்லு," என்றார் முருகேசன் அண்ணன். "இன்னும் ஒரு மணி நேரம் லேட்டா ஐயர் வந்திருந்தா எல்லாத்தையும் வெளக்கியிருப்ப."

நான் சிரிக்கவில்லை. சார் சிரித்தார். பிறகு, "டீச்சர்கிட்டச் சொல்லணும்," என்றார்.

"படிச்சு முடிச்சிட்டுச் சொல்லலாமா சார்?"

"படிக்க முடியலன்னா?"

நான் நோட்டை மூடினேன்.

"அவங்க பொருளு. இன்னைக்கே போ."

தாடிக்கொம்பு பஸ்ஸில் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். டீச்சர் வீட்டு வாசலில் புது ஓடுகள் அடுக்கியிருந்தன. ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. "டீச்சர், நான் சக்கரத்தை எல்லாம் திருப்பிட்டேன்," என்றேன்.

அவர் கதவை முழுக்கத் திறந்தார்.

"ஒனக்கு என்ன வயசு?"

"இருவத்தேழு டீச்சர்."

"எனக்கு அப்ப ஆறு," என்றார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு, "படிக்க முடியுமா, முடியாதா?" என்றார்.

"அஞ்சு சக்கரம் முடியும் டீச்சர். ஒண்ணு தெரியல."

"தெரியற வரைக்கும் பாரு. தெரியலன்னா தெரியலன்னு வந்து சொல்லு. எங்கப்பா மாதிரி பேசாம இருந்துறாத."

ஐந்து சக்கரங்களில் நூற்றுப் பதினான்கு முட்கள். சார் ஒரு முறை வகுத்தார். நான் கண்ணாடியில் பார்த்து "கறுப்பு", "வெளுப்பு" என்று சொல்ல வேண்டும், முருகேசன் அண்ணன் எழுத வேண்டும். மறுநாள் பின்னாலிருந்து முன்னாக மறுபடி பார்க்க வேண்டும், முதல் நாள் எழுதியதை நான் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துவராத முட்களை மூன்றாம் நாள் சார் பார்ப்பார். ஏழு முட்கள் ஒத்துவரவில்லை. ஏழையும் சார் ஒரு முழுக் காலைப் பொழுது பார்த்தார்.

சக்கரங்கள் எந்த எழுத்தில் இருந்து கிளம்பின என்பதற்கு முதல் பக்கம் கைகொடுத்தது. சுருளை அடித்து முடித்தபோது நின்ற இடம்தான் ஜன்னலில் தெரிந்த ஆறு எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஒரு படி. சுருளில் உள்ள எழுத்துகளை எண்ணி, அத்தனை படி பின்னால் திருப்பினோம்.

மிச்சம் இருந்தது திருநீறு தேய்த்த சக்கரம். பதினேழு முள்ளும் ஒரே பளபளப்பு. கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.

சார் சொன்னார்: "முதல் பதினேழு எழுத்தை மட்டும் எடு. ஒவ்வொரு எழுத்துக்கும் இதுல ஒரு முள்ளுதான் வேலை செய்யும். அந்த முள்ளு இடப்பக்கம் இருந்தா என்ன வருது, வலப்பக்கம் இருந்தா என்ன வருது, ரெண்டையும் எழுது." எழுதினேன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மேலிருந்து ஓர் எழுத்து, கீழிருந்து ஓர் எழுத்து என்று சரியாகப் பொறுக்கினால் கடிதத்தின் தொடக்கம் கிடைக்கும்.

பட்டாளத்து ஆள், ஆங்கிலத்தில்தான் அடித்திருப்பார் என்று சார் நினைத்தார். ஆங்கிலத்தில் கடிதம் தொடங்கும் எல்லா விதங்களையும் ஒரு பிற்பகல் முழுக்கப் போட்டுப் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் சார் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறினேன். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவுக்கே நான்தான் கடிதம் எழுதுவேன். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு, கேரளாவில் இருக்கும் புருஷனுக்கு. யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதல் வரியைக் கேட்காமலே எழுதிவிடுவேன். அதற்கப்புறம்தான், "இப்ப சொல்லுங்கத்தே," என்பேன். அந்த முதல் வரி எல்லோருக்கும் ஒன்றுதான். பஸ் செம்பட்டி தாண்டியிருந்தது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தால் என்று தாளைப் பிரித்தேன். மேல் வரிசையில் முதல் எழுத்து 'என்'. இரண்டாவதில் கீழ் வரிசையில் ஏ. மூன்றாவது எல், மேலே. ஏ. எம். இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட இந்த எந்திரத்தில் இசட் அடிப்பார்கள். இசட்டும் இருந்தது. மறுபடி என், ஏ, எல், ஏ, எம்.

நலம். நலமறிய.

விரலால் எண்ணினேன். இரண்டு சொற்களும் அவற்றுக்குப் பின்னால் உள்ள இடைவெளிகளும் சேர்ந்து சரியாகப் பதினேழு. ஒரு முள்கூட மிச்சமில்லை. பக்கத்து இருக்கையில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "என்னத்தா, பரிச்ச பாசாயிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் சாரிடம் தாளை நீட்டினேன். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நான் இங்கிலீஷ்லயே தேடிட்டு இருந்துட்டேன் பாரு," என்றார். முட்களை வைத்ததும் நான் கைப்பிடியைப் பிடித்தேன். அடுத்த எழுத்தை அடிக்க எனக்குக் கை துடித்தது. சார் தடுத்தார்.

"மிச்சம் அவங்க வந்த பெறகு. அவங்க அப்பா."

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தார். புடவையில் சுண்ணாம்புக்கட்டித் தூள் இருந்தது. நான் சுருளைப் பார்த்துத் திருகை வைத்தேன், முருகேசன் அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். நாடா மெல்ல மெல்ல வெளியே வந்தது. டீச்சர் அதைக் கையில் பிடித்து, பிள்ளைகளுக்கு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நலம் நலமறிய ஆவல். போன கடிதம் குழம்பி வந்திருக்கும். சின்னவள் சக்கரத்தை உருட்டியிருக்கிறாள். பார்க்காமல் அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது."

நிறுத்தினார். முருகேசன் அண்ணன் கையை எடுத்துவிட்டார். "சுத்துங்க," என்றார் டீச்சர்.

"இன்று அவள் விரல் மாட்டி நகம் போயிற்று. திட்டவில்லை. அவள் வளரும்வரை இதைக் கட்டி வைக்கிறேன். வளர்ந்ததும் அவளுக்கே சொல்லிக் கொடுப்பேன். அதுவரை சாதாரணமாக எழுது. பல்சக்கரத்துக்கு எண்ணெய் அனுப்பு."

அவ்வளவுதான். நாடா முடிந்துவிட்டது.

"எண்ணெயா?" என்றார் டீச்சர். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "ஊரே ஒற்றன் ஒற்றன்னு சொல்லுச்சு. எண்ணெ கேட்டிருக்காரு."

"நல்ல எண்ணெ கெடைக்காதும்மா அப்பல்லாம்," என்றார் முருகேசன் அண்ணன், மிகவும் தீவிரமாக.

"அப்ப இதை ஏன் அனுப்பல? ஏன் எனக்குச் சொல்லிக் கொடுக்கல?"

முருகேசன் அண்ணன் சுருளின் நுனியைத் திருப்பிப் பார்த்தார், அதற்குமேல் எழுத்து இல்லை. கோலார் மாமாவுக்கு என்ன ஆயிற்று என்பதும் எங்களுக்குத் தெரியாது. சார் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவர் இல்லை. "அது இதுல இல்லம்மா," என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் நாடாவை மறுபடி முதலிலிருந்து படித்தார். 'திட்டவில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் அந்தக் கோணல் நகத்தால் எழுத்துகளைத் தடவினார். "அம்பது வருசம்," என்றார் மெதுவாக. "ஒருவாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

எங்கள் பட்டறையில் பொருளைக் கொண்டுவந்தவர்கள் அதைத் தொட அனுமதி இல்லை. அது சாரின் சட்டம், ஒருமுறைகூட அவர் அதைத் தளர்த்தியதில்லை. அன்றைக்கு அவர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதிட்டியா?"

"ரெண்டு பக்கமும் எழுதிட்டேன் சார். அண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு."

அவர் பெட்டியை மேஜைமேல் மெல்லத் தள்ளி டீச்சருக்கு முன்னால் வைத்தார்.

"இந்தத் திருகுல எழுத்தை வைக்கணும்மா. வச்சிட்டு அந்தக் கைப்பிடியச் சுத்தணும். வெரலைக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சுக்குங்க."

டீச்சர் விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். என், ஏ, எல், ஏ, எம் என்று வாயால் சொல்லிக்கொண்டே ஐந்து முறை சுற்றினார். ஐந்து எழுத்துகள், யாருக்கும் எதுவும் புரியாத ஐந்து எழுத்துகள் நாடாவில் வந்தன. அதைக் கிழித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.